மாமனாரின் துப்பாக்கியை ஒப்படைத்த நாள்

என் மாமனாரிடம் லைசன்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி புகுந்தால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போகும். மாமனார் சுட்டதெல்லாம் வானத்தைப் பார்த்துத்தான். அந்தச் சத்தத்துக்குப் பன்றி பயந்ததோ இல்லையோ, என் கோழிகள் இரண்டு நாளைக்கு முட்டையிடாது.

துப்பாக்கியைவிட அதற்கான சட்டத்தைத்தான் நான் அதிகம் திட்டியிருக்கிறேன். லைசன்ஸைப் புதுப்பிக்க அலைய வேண்டும். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்துவிட்டு, முடிந்த பிறகு போய் வாங்கி வர வேண்டும். "கொலகாரனெல்லாம் சட்டைய மாட்டிக்கிட்டு ஜாலியாத் திரியிறான், பன்னிக்குப் பயந்த மனுசனப் போட்டு வாட்டுறானுங்க" என்று கத்துவேன். மாமனார் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு தை மாதம் அவர் இறந்துபோனார். உழவர் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் நாய் குறுக்கே வந்தது. வண்டி ஓட்டியவர் என் கணவர். இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும், பின்னால் உட்கார்ந்திருந்த மாமனார் அங்கேயே போய்விட்டார்.

"எங்கப்பன நாந்தான்டி கொன்னுட்டேன்" என்று காரியம் முடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். சோற்றைப் பிசைவார், அப்படியே எழுந்துவிடுவார். எங்கள் வீட்டில் சண்டையில்லாத நாள் கிடையாது, என் வாய் அப்படி. அந்த ஆறு மாதம் நான் என்ன வம்புக்கு இழுத்தாலும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம் டிவியில், அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் எவனோ புகுந்து சுட்டதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த பக்கத்து வயல்காரர், "அங்கெல்லாம் கடையில போயி வாங்கிக்கலாம், அது அவன் உரிமையாம். நமக்கும் அப்படிக் குடுத்தா பன்னித் தொல்ல ஒழியும்" என்றார்.

"செத்தது பன்னியா, பச்சப் புள்ளைங்களா? கண்ணத் தொறந்து பாத்துட்டுப் பேசுங்க" என்றேன். "ஆயிரத்துல ஒருத்தன் கெட்டவன்னா மத்தவன் என்ன பண்ணுவான்?" என்றார் அவர். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. என் மாமனாரும் அந்த மற்றவர்களில் ஒருவர்தானே. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மல்லுக்கட்டி அவரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

என் கணவர் பீரோவைத் திறந்துபோட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சோளம் இன்னும் விதைக்கவேயில்லை. பன்றி வர என்ன இருக்கிறது?

"எதுக்குங்க இப்ப இது?"

"துருப் புடிச்சிரும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஊரையே வாயால் அடக்குகிறவள் நான். கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், அவர் நினைக்காததை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

மறுநாள் காலை அவர் வயலுக்குப் போனதும், டப்பாவிலிருந்த, துப்பாக்கிக்கு இடிக்கும் கரிமருந்தைச் சோப்புத் தண்ணீர் வாளியில் கொட்டினேன். துப்பாக்கியைக் கோரைப்பாய்க்குள் வைத்துச் சுருட்டி, கயிற்றால் கட்டி, டவுன் பஸ் ஏறினேன்.

"என்னக்கா பாயோட? கோவிச்சுக்கிட்டு அம்மா வூட்டுக்கா?" என்றார் கண்டக்டர்.

"ஆமா தம்பி, நீயும் வரியா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. என் கை மட்டும் பாயை விடவில்லை.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு பாயைப் பிரித்ததும் திடுக்கிட்டுப்போனார். விவரம் சொன்னேன். மாமனார் எப்போது இறந்தார் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, லைசன்ஸ்காரர் இறந்தா ஒடனே கொண்டாந்து ஒப்படைக்கணும்னு தெரியாதா? ஆறு மாசமா வூட்டுல வச்சிருந்திருக்கீங்க. கேஸே போடலாம். இந்த லட்சணத்துல பாயில சுத்தி பஸ்ல வேற!"

"போடுங்க சார், எம்மேல போடுங்க. இத மட்டும் திருப்பிக் குடுத்துறாதீங்க."

"வூட்டுக்காரர் ஏன் வரல?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அத்தனை பேர் முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏட்டு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு ரசீது எழுதினார்.

ரசீதை நீட்டும்போது குரலைத் தணித்துச் சொன்னார்: "வூட்டுல கேட்டா, ஸ்டேஷன்லேர்ந்து ஆள் விட்டாங்க, சட்டம் அப்படின்னு சொல்லிருங்க. பழிய எங்க மேல போடுங்கம்மா. பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காரு, வூட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க."

நான் வீடு திரும்பியபோது கணவர் வீட்டில் இருந்தார். "எங்க அது? எங்கப்பன் பொருளத் தொட நீ யாருடி?" என்று கத்தினார். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்ட சண்டைக் குரல். "என்கிட்ட ஏன் கத்துறீங்க, சட்டத்துக்கிட்டப் போயிக் கத்துங்க" என்று ஏட்டு சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். மறுநாளே போனார். ஏட்டு, "ஆமா, நாந்தான் ஆள் விட்டேன்" என்று கூசாமல் பொய் சொல்லி, ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசி அனுப்பியிருக்கிறார். அன்று ராத்திரி இவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டரிடம் போனோம். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை, ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் திட்டித் தீர்த்த சட்டம்தான் என் வாயால் சொல்ல முடியாததற்கு ஒரு சாக்குக் கொடுத்தது. அந்த ஏட்டு இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். தினமும் விளக்கேற்றும்போது அவரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

போன மாதம், வாரிசு என்ற முறையில் லைசன்ஸ் வேண்டுமா என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். இருவரும் போனோம். வேண்டாம் என்று என் கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பப் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

"அன்னிக்கு யாரும் ஆள் விடலங்க. நானாத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"தெரியும்" என்றார். "நீ வூட்ட விட்டு வெளிய போறதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்டி. நீ பாயோட டவுன் பஸ் ஏறுறதப் பாத்துட்டு, அதான் சமயம்னு வூட்டுக்கு வந்தேன். பீரோவத் தொறந்தேன். அப்பா சட்டைங்கதான் தொங்குச்சு."

நான் அவர் கையைப் பிடித்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவரும் உதறவில்லை, நானும் விடவில்லை.