மோர்ப்பானை காட்டிய இருபத்தேழு டிகிரி

திருவனந்தபுரத்துக்குள் எந்த பஸ்ஸில் ஏறினாலும் சுடலைமாடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்த நகைக்கடையின் மூன்றாம் மாடி, இந்த ஆஸ்பத்திரியின் முன்கூரை, எல்லாம் அவர் கைமாற்றி ஏற்றிய கான்கிரீட். வயது ஐம்பத்திரண்டு, வீடு களியக்காவிளையில். இருபத்தாறு வருடமாக வார்ப்புப் பணி. கீழே மிக்சர் ஓட, மாடிவரை ஆட்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றுவார்களே, அந்த வரிசையின் நடு ஆள் அவர். "ஏய்... ஹோய்" என்று அவர் போடும் சத்தத்துக்குத்தான் சட்டி ஏறும். சத்தம் நின்றால் சட்டியும் நின்றுவிடும்.

போன ஏப்ரலில் கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத் தெருவில் வார்ப்பு. வீட்டுக்காரர் நாகேஸ்வரன், அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோடைக்காலத்தில் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற உத்தரவை நகலெடுத்து கேட்டில் ஒட்டியிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு தெர்மாமீட்டர். வெப்பம் ஏற ஏற மனிதனின் வேலைத்திறன் இறங்கும் என்று பேப்பரில் படித்ததிலிருந்து அவருக்கு உறக்கம் சரியில்லை.

சுடலைமாடத்தியின் கவலை வேறு. அன்று மாலை நாலு மணிக்கு மகள் கௌசல்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு ஒரு தடவை இப்படித்தான், வார்ப்பு நீண்டுபோய் அவர் வீடு சேர்வதற்குள், வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். "பெத்தவளுக்கே அக்கறை இல்லியே" என்று ஒரு வார்த்தையையும் விட்டுப் போனார்கள். இன்று பன்னிரண்டுக்குள் கூரை முடிந்தால் பஸ் பிடிக்கலாம். முடியாவிட்டால் மூன்று மணிக்குத்தான் மறுபடி தொடங்கும். அப்புறம் எங்கே போக?

ஆறு மணிக்கே சட்டி ஓடத் தொடங்கியது. ஏழரைக்கு நாகேஸ்வரன் வெளியே வந்தார்.

"முப்பது ஆயாச்சு! எல்லாரும் எறங்குங்கோ. மோர் குடிச்சுட்டுப் பத்து நிமிஷம் இருங்கோ."

எட்டேகாலுக்கு முப்பத்தொன்று, மறுபடி மோர். ஒன்பதுக்கு முப்பத்திரண்டு, மோரோடு மிளகாய் வடகம். ஒவ்வொரு தடவையும் இறங்கி, ஏறி, வரிசை ஒழுங்காகிச் சட்டி ஓட்டம் பிடிக்க அரைமணி. நாகேஸ்வரனோ எத்தனை சட்டி ஏறியது என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை விழ விழ அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தேளா? நான் சொன்னது செரியாக்கும்! டிகிரி ஏறறது, சட்டி கொறையறது!"

"சாமி, சட்டி கொறையது வெயிலால இல்ல. உங்க மோரால."

"அதெல்லாம் உனக்கு மனசிலாகாது."

பாதிக் கூரைதான் முடிந்திருந்தது. மேஸ்திரி வேல்சாமி உதட்டைப் பிதுக்கினார்.

"யக்கா, இப்படிப் போனா ஒரு மணி ஆவும்."

"ஆவாது. நீ மிக்சரப் பாரு."

நாகேஸ்வரன் ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்த நேரம் சுடலைமாடத்தி இறங்கினார். ஸ்டூலில் இருந்த மோர்ப்பானை மேல், மோர் குளிர்ந்திருக்க, ஈரச்சாக்கு சுற்றியிருந்தது. பானையை ஸ்டூலோடு நகர்த்தித் தெர்மாமீட்டரை ஒட்டி நிறுத்தினார். அதன் அடிக்குமிழ் ஈரச்சாக்கில் பதிந்து கிடந்தது. "தாகம் எடுத்தா ஒவ்வொருத்தரா வந்து குடிச்சிட்டுப் போங்க, வரிச நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

பத்து மணிக்கு நாகேஸ்வரன் வந்து பார்த்தார். இருபத்தேழு. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், அப்போதும் இருபத்தேழு. அவருடைய தாடையிலிருந்து வேர்வை நோட்டில் சொட்டியது. அதற்குப் பக்கத்திலேயே '27' என்று எழுதினார். உடம்பு சொல்வதைவிடக் கருவி சொல்வதை நம்புகிற உத்தியோகம் முப்பது வருடம் பார்த்தவர்.

"என்ன ஒரு சொகம்! ஒருத்தரும் எறங்க வேண்டாம், பணி நடக்கட்டும்."

சட்டி பறந்தது. பதினொன்று ஐம்பதுக்குக் கூரை முடிந்தது. சுடலைமாடத்தி முகம் கழுவி, பையை எடுத்து, கேட்டருகே வந்துவிட்டார். அங்கே நாகேஸ்வரன் நோட்டோடு நின்றார்.

"எங்க கெளம்பிட்டே? இருபத்தேழு டிகிரிக்கு என்ன ரெஸ்ட்டு? உத்தரவு வெயிலுக்கு ஆக்கும், இப்போ வெயிலே இல்லியே. அந்த சன்ஷேடையும் வார்த்துடலாம்."

வேல்சாமியும் தலையாட்டினார். "ரெண்டு மணிக்கூர் வேலைதான் யக்கா."

சுடலைமாடத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தெர்மாமீட்டரை ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்து, நாகேஸ்வரன் கையிலேயே கொடுத்தார்.

"இப்பம் பாருங்க சாமி."

முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. நாகேஸ்வரன் அது ஏறுவதையே பார்த்தார். பானையைப் பார்த்தார். ஈரச்சாக்கில் பதிந்திருந்த குழியையும் பார்த்தார்.

"அப்போ நான் எழுதினது..."

"மோருக்க சூடு சாமி. சட்டிக் கணக்கு மட்டும் நெசம். எனக்க மவளப் பொண்ணு பாக்க வாறாங்க, நாலு மணிக்கு. வேற வழி தெரியல."

நாகேஸ்வரன் நோட்டைப் புரட்டினார். உள்ளதிலேயே கொடும் வெயில் நேரத்தில்தான் அதிகச் சட்டி ஏறியிருந்தது. அவர் வாசித்த பேப்பரில் இதற்கு விளக்கம் இல்லை. கடைசியில் மாடியை நோக்கிக் கத்தினார்.

"போதும், போதும்! முப்பத்தாறு! எல்லாரும் எறங்குங்கோ!" பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஓடு. சன்ஷேடு வார்ப்புக்கு வரணும், கேட்டியா? அன்னிக்குப் பானை தூர இருக்கும்."

பஸ் பாறசாலை தாண்டும்போது போன் அடித்தது. கௌசல்யா.

"அம்மா, அவிய நாலுக்கு வரலியாம். வெயில் தாழட்டும், அஞ்சரைக்கு வாறோம்னு சொல்லியாச்சு."

சுடலைமாடத்தி சிமெண்டு காய்ந்த விரலால் காதைக் குடைந்துகொண்டார்.

"மக்ளே, ஒரு பானையில மோர் கலக்கி வையி. அந்த வீட்லயும் ஒரு தெர்மாமீட்டர் கெடக்கு போல."