இடது கைக் கையெழுத்து

இன்று மகளின் பேனாவுக்கு மை ஊற்றியபோது எழுந்த வாசனையில் ராஜபாளையத்து லாட்ஜ் நினைவுக்கு வந்தது. மலையடிவாரத்தில் படப்பிடிப்பு நடந்தால் நடிகர்கள் தங்கும் அந்த லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம் நிற்கிறது. அப்பா அங்கே மேனேஜர் என்பதால், பள்ளி விட்டதும் நான் போய் உட்கார்வது வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த கமலா அக்கா பக்கத்தில்தான். வந்து தங்கும் பிரபலங்களின் கையெழுத்துகளை அக்கா ஆல்பத்தில் சேர்த்து வந்தாள்.

"அச்சடிச்ச கையெழுத்துக்கு மதிப்பு கெடையாதுட்டி. அவிய கைபட எழுதுனதா இருக்கணும்" என்று சொல்லி, தாளின் பின்புறம் பேனா அழுத்திய தடத்தை என்னைத் தடவிப் பார்க்க வைப்பாள்.

ஒருமுறை, பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த மூத்த நடிகர் ஒருவர் வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் உதவியாளரே அவருடையதைப் போலவே பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்காவுக்கும் அதுதான் கிடைத்தது. ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்காவின் வாடிய முகத்தைக் கவனித்த நடிகர், ஆல்பத்தை வாங்கி இடது கையால் வெகுநேரம் எழுதினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்; எழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

விஷயம் கேள்விப்பட்டு, கையெழுத்து சேகரிக்கும் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார். இரண்டு கையெழுத்துகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கோணல் அவரு கையெழுத்தே இல்லம்மா. மத்ததுதான் அசல். அதைக் குடுங்க."

அக்கா நடந்ததைச் சொல்லியும் அவர் நம்பவில்லை. உதவியாளர் போட்டதையே வாங்கி, கவனமாக உறையில் வைத்துக்கொண்டு போனார்.

அக்கா என் பக்கம் திரும்பி, "அவிய எம்புட்டு சிரமப்பட்டு எழுதுனாவ, நீ பாத்தேல்லட்டி" என்றாள்.

"பாத்தேங்க்கா."

"அது போதும்" என்று ஆல்பத்தை மூடினாள்.