மாடி ரூமில் பாடிய பெண்

திருப்பதிக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது எங்கள் வீட்டுக்காரம்மா செருப்புகளைப் பார்க்கும் பார்வைதான். மாடியில் குடியிருக்கும் நாங்கள் எல்லோரும் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். காலையில் கோலம் போட்டு முடித்ததும் அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, ஒவ்வொரு ஜோடியாகப் பார்ப்பார். யார் அறைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று வாய் திறந்து கேட்க மாட்டார். அரக்கோணத்தில் எங்கள் தெருவில் இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. புதுக்குரல் ஒன்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் நேராக உள்ளே வந்து, “யாருபா வந்துகீறது?” என்று கேட்டுவிட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டுத்தான் போவார். இங்கே மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டு மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த மரியாதைதான் என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது.

அரக்கோணத்துக்கும் திருப்பதிக்கும் நடுவே பெரிய கடலோ மலையோ இல்லை. பாசஞ்சர் ரயிலில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடலாம். இதையெல்லாம் புலம்பெயர்தல் என்று சொன்னால் கனடாவில் இருக்கும் என் நண்பன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். கடைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் மருந்துக்கடை என்று நினைத்துப் பூச்சிமருந்துக் கடைக்குள் நுழைந்தவன் நான், அவன் அல்ல. எனக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. கம்பெனி பஸ் திருப்பதியிலிருந்து புறப்படுவதால் அலிபிரிக்குப் போகும் சாலையருகே மாடியில் ஓர் அறை எடுத்தேன். கல்யாணமாகாத பையன், அதிலும் தமிழ்நாட்டுப் பையன் என்றால் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. முட்டைகூடச் சமைக்கக் கூடாது, பெண்கள் யாரும் வரக் கூடாது என்ற இரண்டு சட்டங்களுக்கும் தலையாட்டித்தான் சாவி வாங்கினேன்.

அந்தத் தனிமையில் எனக்குக் கிடைத்த துணைதான் கணினிப் பாடகி. தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஒருவர், மதிய உணவு நேரத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் என் காதிலும் மாட்டிவிட்டார். ஒரு சின்னப் பெண் பாடினாள். பாடுவது யார் என்று கேட்டேன். “யாருமில்லை” என்றார். காதலி போலிருக்கிறது, மறைக்கிறார் என்று நினைத்து நான் கண்ணடிக்க, மனிதர் முழித்தார். பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எந்தச் சுரம், எவ்வளவு நீளம், எந்த எழுத்து என்று கட்டம் கட்டமாக நிரப்பினால் கணினி பாடுகிறது. மேடை, முகம், பச்சை நிற ஜடை எல்லாம் பிறகு யாரோ வரைந்து கொடுப்பது. பாட்டு எழுதுவது பெரும்பாலும் என்னைப்போல் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் ஆட்கள்தான். இதைக் கேட்ட அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன்.

இந்த இசைக்குள் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய பாட்டுகள் என்று ரசிகர்களிடையே ஓர் ஒப்புதல் உண்டு. சிலதை எல்லோரும் கேட்டிருப்பார்கள், கேட்காதவனை ரசிகன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஒரு விடியற்காலைப் பாட்டு. தன்னை எழுப்பிப் பாடவைத்தவனுக்குப் பாடகி நன்றி சொல்வது மாதிரி, மெதுவாக, கொஞ்சம் வெட்கத்தோடு இருக்கும். அடுத்தது வேகப் பாட்டு. மனித நாக்கு அந்த வேகத்தில் புரண்டால் பல்லில் கடிபட்டு ரத்தம் வரும். பிறகு ஒரு திருவிழாப் பாட்டு. ஜப்பானில் அரங்கம் முழுக்க விளக்குக்குச்சியை ஆட்டிக்கொண்டு கூட்டமே பாடும். கடைசியில் விடைபெறும் பாட்டு. இனி யாரும் தன்னைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்த கணினிப் பாடகி, திறக்காதவனை வாழ்த்திவிட்டு அணைகிறாள். அதை முதல்முறை கேட்டபோது கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவன் நானும் மென்பொருள் வாங்கி, தமிழில் பாட்டுக் கட்ட ஆரம்பித்தேன். ஜப்பானியக் குரலில் தமிழைப் பாடவைப்பது லேசான வேலையில்லை. ஒரே வரியை மாலை முழுக்க மறுபடி மறுபடி ஓடவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேய்க்க வேண்டும். இதற்கிடையில் வீட்டுக்காரம்மா என்மீது திடீரென்று பாசமானார். தோசை சுட்டால் எனக்கும் வந்தது. அதுவும் இரண்டு தட்டு. “துன்னு பாபு, ரெண்டு தட்டும் காலியாவணும்” என்று தெலுங்கு வாடைத் தமிழில் கண்டிப்பாகச் சொல்வார். ஊரைவிட்டு வந்த பையன் மேல் இவ்வளவு அன்பா என்று நெகிழ்ந்துபோய், இரண்டு தட்டையும் நானே காலி செய்தேன்.

அப்போதுதான் வீட்டில் எனக்கு எஸ்தரைப் பெண் பார்த்திருந்தார்கள். எங்களைப் போலவே பழைய மிஷன் சபையைச் சேர்ந்த, சித்தூர்க் கிறிஸ்தவக் குடும்பம். தலைமுறைகளாக ஆந்திரத்தில் இருந்தும் வீட்டிலும் கோவிலிலும் தமிழ், ஆபீஸிலும் சந்தையிலும் தெலுங்கு. எஸ்தர் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், சபையின் பாடகர் குழுவான கொயரில் ஆல்டோ என்ற பெண்களின் தாழ்குரலைப் பாடுகிறவள். போனில் பேசினோம். நான் மூச்சுவிடாமல் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது, “நீங்க எப்பவுமே இப்டிதானா, இல்ல இன்னிக்கு மட்டுமா?” என்று கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முற்றுவதற்கு முன் பெண்வீட்டார் ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் பையன் குடியிருக்கும் இடத்துக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வருவார். எஸ்தரின் சித்தப்பா சாமுவேல் அப்படித்தான் புத்தலப்பட்டு வழியாக பஸ் பிடித்து வந்து, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரம்மாவிடம் விசாரித்திருக்கிறார்.

வீட்டுக்காரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். “பில்லாடு மஞ்ச்சிவாடே” என்று எனக்கு நல்ல பையன் பட்டம் கொடுத்துவிட்டு, கூடவே, “ஆனா ரூம்ல ஒரு பொண்ண வெச்சிகினு கீறான். தெனம் பாட்டுப் பாடுது. வெளியவே வர்றதில்ல. செருப்பக்கூட உள்ள எடுத்துனு போயிடுது போல. பாவம்னு நானும் ஒண்ணும் கேக்கல” என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலையே அம்மாவின் போன் வந்தது.

“ஏன்டா, ரூம்ல எவளடா வெச்சிகினு கீற?”

“அது கம்ப்யூட்டர்மா. பொண்ணே கெடையாது.”

“கம்ப்யூட்டருக்குத் தோச ஊத்தி அனுப்புச்சாங்களாமே? அந்தம்மா சத்தியம் பண்ணுதாம்டா!”

இரண்டாவது தட்டு யாருக்கு என்று அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்போனது. சித்தூர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். எஸ்தருக்கு போன் செய்தேன். “ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் சித்தப்பாவோட வரேன். நானே பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நின்றால் வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். எனக்கு வேறு பெண் வேண்டாம் என்பதுதான் பிரச்சினையே.

ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்துவிட்டது. எஸ்தரும் சித்தப்பாவும் கட்டிலில், வீட்டுக்காரம்மா கதவை அடைத்துக்கொண்டு நாற்காலியில். அந்த அம்மா வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். இங்கேதான் ரசிகன் செய்யக்கூடிய மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். பாடுவது இயந்திரம் என்று காட்ட வேண்டிய இடத்தில், முதல்முறை கேட்கிறார்களே, இருப்பதிலேயே நல்ல பாட்டாகப் போடுவோம் என்ற ஆசை வந்துவிட்டது. குரல் இருப்பதிலேயே உயிரோடு ஒலிக்கும் அந்த விடியற்காலைப் பாட்டைப் போட்டேன்.

“இதே கொரலுதான்!” என்று வீட்டுக்காரம்மா துள்ளினார். “பாவம், சின்னப் பொண்ணு.”

பதறிப்போய் வேகப் பாட்டுக்குத் தாவினேன். மனிதரால் முடியுமா பாருங்கள் என்றேன். சாமுவேல் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “டேப்ப ஸ்பீடா ஓட்னா நான் பாடனாலும் இப்டிதான் வரும்” என்றார். கட்டங்களைக் காட்டினேன். அதில் என்ன தெரிகிறது, இஸ்கூல் டைம்டேபிள் மாதிரி இருக்கிறது என்றார். திருவிழாப் பாட்டில் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு, “இத்தினி பேர் முன்னாடி ஆடுதா இந்தப் பொண்ணு?” என்று முகம் சுளித்தார். கடைசியாக விடைபெறும் பாட்டு. அது முடிவதற்குள் வீட்டுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரு பெத்த புள்ளயோ, என்னா கஷ்டமோ. பாபு, அவங்க நைனாவுக்காவது போன் பண்ணிச் சொல்லுடா” என்று என்னிடமே கெஞ்சினார். எல்லோரும் கேட்க வேண்டிய பாட்டுகள் எல்லாம் சேர்ந்து என்னைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டன.

அதுவரை கட்டில் விளிம்பில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த எஸ்தர், “கடைசிப் பாட்ட இன்னொரு வாட்டி போடுங்க” என்றாள். போட்டேன். பாதியில் கையை உயர்த்தினாள்.

“சித்தப்பா, நீங்க கொயர்ல பேஸ் பாடறவர்தானே? இவ எங்க மூச்சு வுடறா சொல்லுங்க.”

சித்தப்பா காதைக் கிட்டே கொண்டுபோனார். எங்கள் கோவில்களில் கொயர் பாடியவர்களுக்கு இது தெரியும். சுரத்தாளில் எங்கே மூச்சை எடுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துவைப்பார்கள். குறி இல்லாத இடத்தில் மூச்சுவிட்டவனைக் கொயர் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் முறைப்பார். வாழ்நாள் முழுக்க அந்த முறைப்புக்குப் பயந்த மனிதர் சித்தப்பா. அவர் பாட்டை மறுபடி ஓடவிடச் சொல்லி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு கூடவே ராகத்தை இழுத்தார். முதல் வரி தாண்டியது. இரண்டாவது வரி தாண்டியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவர் பொசுக்கென்று காற்றைவிட்டு இருமியபோது பாடகி அலட்டிக்கொள்ளாமல் அடுத்த அடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“மனுஷியே இல்லபா இது!” என்றார், இருமலுக்கு நடுவே. “மூச்சே வுடாம எவ பாடுவா?” என்று வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எஸ்தர் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கியதும் எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ என் தோசயெல்லாம் யாரு துன்னது?” என்றார்.

கல்யாணம் சித்தூர்க் கோவிலில் நடந்தது. வீட்டுக்காரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முறை தெரியாமலேயே எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தார். எஸ்தர் மாடி அறைக்கு வந்த பிறகு என் தமிழ்ப் பாட்டைக் கேட்டுவிட்டு, “கேட்டா எனக்கு நெஞ்ச அடைக்குது. இவளுக்கு நான் மூச்சு தரேன்” என்றாள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, வரிக்கு முன்னால் பாடுகிறவர்கள் இழுக்கும் அந்தச் சின்னக் காற்றை விதவிதமாக இழுத்துக் கொடுத்தாள். அதை வரிகளுக்கு நடுவே வெட்டி ஒட்டினேன். குரல் எங்கேயோ ஜப்பானில் பிறந்தது, சொல் நான் அரக்கோணத்தில் கற்றது, மூச்சு சித்தூர் ஆல்டோவினுடையது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மா அடுப்பங்கரையில் அதிரசம் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“நல்லா பாடுதே. எந்த ஊரு பொண்ணுடா இது?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஜப்பானிலிருந்து ஆரம்பித்து விளக்கமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எங்க ஊருதாம்மா, திருப்பதி” என்று வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மாவின் கை வாழையிலைமேல் அப்படியே நின்றது. தட்டிக்கொண்டிருந்ததை எண்ணெயில் போட்டு, பொன்னிறமாக எடுத்து, வடியவைத்து, டப்பாவில் அடுக்கினாள்.

“இந்தா, உங்க ஊருக்குப் போறப்போ மறக்காம எடுத்துனு போ” என்று மூடியை அழுத்தி மூடினாள்.