நானூற்றுப் பன்னிரண்டா, ஒன்றா?

மலையுச்சிப் புல்வெளிக்குக் காவலராக இருக்கும் நம் கணக்குப்புலிக்கு எதையும் எண்ணாமல் இருக்கத் தெரியாது. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்த மகானுபாவர். அந்தப் பெண்தான் இன்றுவரை இவரோடு மாரடிக்கிறாள்.

அந்தப் புல்வெளியில் ஒரு செடி. விரல் உயரம்கூட வராது. தரையோடு தரையாகப் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அபூர்வச் செடி என்று மேலிடம் வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை கேட்கும். போன வருடம் பூவுக்கு ஒரு செடி என்று எண்ணி 412 என்று எழுதினார். இந்த வருடம் குப்புறப் படுத்து, ஓரத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால், அடேயப்பா, எல்லாத் தண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்புகிறது! மனுஷன் சத்தியசந்தர் அல்லவா, 'செடிகள்: 1' என்று எழுதி அனுப்பிவிட்டார். கூடவே காரணத்தையும் எழுதக் கூடாதோ? ம்ஹூம், கேட்டது எண்ணிக்கைதானே!

பத்தாம் நாள் கடிதம் வந்தது. உங்கள் காவலில் 411 செடிகள் எப்படி அழிந்தன? சரியான விளக்கம் இல்லையென்றால் கீழே மரக்கிடங்குக்கு மாற்றல். பத்தொன்பது வருடமாகத் தினமும் பார்க்கிற செடி. அதைப் பிரிவதை நினைத்ததுமே அவருக்கு அழுகை வந்தது.

"ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?" என்றாள் மனைவி.

விசாரிக்க வந்த அதிகாரி மூச்சு வாங்க மேலே ஏறினார். கணக்குப்புலி அவரையும் குப்புறப் படுக்கவைத்து வேரைக் காட்டினார்.

"ஒரே செடிதான்யா, ஒத்துக்கிறேன். ஆனா ஆபீஸ்ல யாருக்கு இது புரியப் போகுது? பேசாம பழையபடி நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டுடு."

"பொய் எழுத மாட்டேன் சார்."

"அப்ப கிடங்குக்குப் போறியா?"

கணக்குப்புலிக்குக் கண் கலங்கியது. சற்று யோசித்து, படிவத்தில் 'செடி: 1' என்று எழுதி, பக்கத்தில் 'பூக்கள்' என்று ஒரு புதுக் கட்டம் போட்டார்.

"அட, இது தேவலையே! போடு நானூத்திப் பன்னெண்டு."

"அது போன வருஷத்துப் பூ சார். எண்ணணும்."

எண்ணினார். 406.

"ஆறு எங்க போச்சுன்னு அதுக்கொரு கடிதம் வருமேய்யா!" அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குறைஞ்சா குறைஞ்சதுதான் சார்."

"இருய்யா, அவசரப்படாதே" என்று அதிகாரி மறுபடியும் குப்புறப் படுத்தார். "இங்க பாதி விரிஞ்ச மொட்டு ஒண்ணு இருக்கு. இதை எண்ணினியா?"

பொழுது சாய்ந்து எழுந்தபோது இருவர் சட்டையிலும் மண். அதிகாரி மாற்றலைப் பற்றிப் பேசவே இல்லை.

"அடுத்த வருஷம் பூத்ததும் தகவல் சொல்லு. நான் வர்றவரைக்கும் தனியா எண்ணிடாதே, ஆமா!"