இரண்டு ஆறும் ஒரு பாவும்

எங்கள் வீடு குமாரபாளையத்தில், காவிரிக் கரையில். முன்னறையில் தறி, பின்னறையில் நாங்கள். ஆறு ஏறினால் படியேறி முதலில் தறிக்குத்தான் வரும்.

வெள்ளம் என்றால் எங்களுக்கு ஒரே கேள்விதான். தறியில் நீளவாக்கில் பூட்டிய நூலை, அந்தப் பாவை, அறுத்து மேலே ஏற்றுவதா, அப்படியே விடுவதா. அறுத்தால் இழை இழையாக மறுபடி பிணைக்க வேண்டும். விட்டுவிட்டுச் சேறு ஏறினால் நூல் மொத்தமும் போச்சு.

மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று அரசாங்கம் போனில் போடுகிறது. கனஅடி என்று வரும். எனக்குக் கனஅடி தெரியாது, படி தெரியும். ஒரு வெள்ளத்தில் தண்ணீர் நின்ற படியில் பெயிண்டால் கோடு போட்டேன். அன்றைக்குப் போனில் இருந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அடுத்த வெள்ளத்தில் எண் அதைவிடக் குறைவு.

"ஏனுங்க, பாவை அறுக்கோணுங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீதான் கோடு போட்டு வெச்சிருக்கறயே, எஞ்சினியரு. அறுத்தா யாரு பிணைக்கறது, உங்கொப்பனா?"

விட்டோம். தண்ணீர் கோட்டைத் தாண்டித் தறிக்குள் வந்தது. பாவு சேறாய்ப் போனது.

வெள்ளம் வடியும்வரை கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தபோது எதிர் வீட்டு அக்கா சொன்னார்: "அது மேட்டூர்த் தண்ணி மட்டுந்தான் சாமி. பவானி ஆத்துத் தண்ணி அதுல சேராது. அதைப் போன்லயே வேற பக்கத்துல போடறாங்க."

பவானி எங்கள் ஊருக்கு எதிரேதான் காவிரியில் கலக்கிறது. தினமும் பார்க்கிறேன். எண்ணிலும் கலந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

சேதம் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"போன்ல தகவல் கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுதுங்க. அதைப் பாத்துத்தான் பாவை உட்டோம்."

எழுதுவதை நிறுத்தினார். "எப்படிப் போட்டா உங்களுக்கு உதவும்?"

"ரெண்டு ஆத்தையும் ஒரே எடத்துல போடுங்க. எங்க படிக்கு வருமா, வராதான்னு போடுங்க."

"மேல சொல்றேம்மா."

சொல்லியிருப்பார் போல. போன மழைக்கு இரண்டு ஆறும் ஒரே பக்கத்தில் வந்தன. கூட்டிப் பார்த்தேன். கோட்டருகே எழுதிய எண்ணில் பவானி இல்லையே, எதோடு ஒப்பிடுவது? படியைப் பற்றி ஒன்றுமில்லை. எந்த நேரத்துக் கணக்கு என்றும் இல்லை. வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எண் காலையிலிருந்து அசையவில்லை.

"எதை நம்பறது?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியலீங்க."

கத்திரியை எடுத்துக் கொடுத்தார். அறுத்தேன். பாதி நெய்த பாவுதான். இருவருமாகத் தூக்கிக் கட்டில்மேல் பெஞ்சைப் போட்டு அதில் ஏற்றினோம்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. இரண்டு நாளில் வடிந்தது.

"ஏம்புள்ள, தண்ணி வரலைன்னு சிரிக்கறதா, அழுவறதா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

நான் உட்கார்ந்து இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தேன். அன்று காலையில் இருந்த அதே எண்தான் இன்னும் இருந்தது.