ஓரகத்தியின் கறுப்புப் பெட்டி

ஓரகத்தி சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்த நாளிலிருந்தே கீபோர்டு டீச்சருக்கு வயிற்றெரிச்சல்.

ஒரே வீடு. கீழே டீச்சர், மாடியில் கொழுந்தன் குடும்பம். ஓரகத்தி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள், இசை படித்தவளில்லை. அந்தப் பெட்டி ஒரு சீக்வென்ஸர், பதிந்த சுரங்களைத் தானே வாசிக்கும் கருவி; அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று சுரங்கள் சேர்ந்து கார்டாக ஒலிக்கும். ஆர்பெஜியேட்டரைப் போட்டால் அதே கார்டு பிரிந்து, சுரம் சுரமாகப் படியேறி ஓடும். அந்த ஓட்டத்துக்காக டீச்சர் வருடக்கணக்கில் விரல் தேய்த்திருந்தாள்.

டீச்சர் வாசித்தால் கதவைச் சாத்துகிற மாமியார், மாடிக்கே போய் உட்கார்ந்தார். "ஒத்தை விரல்ல என்னமா வாசிக்கிறா!"

"அவளா வாசிக்கிறா? மெஷின் வாசிக்குது அத்தை."

"எது வாசிச்சா என்ன? காதுக்கு நல்லாயிருக்குல்ல?"

டீச்சரின் கணவரும் கொழுந்தனும் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் எப்போதும் டீச்சர்தான் வாசிப்பாள். இந்த முறை ஓரகத்தியைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் ஓரகத்தி வேலைக்குப் போனதும் டீச்சர் மாடியேறினாள். அது வெறும் பொம்மை என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். கார்டு வந்தது, ஓட்டமும் வந்தது; உயிர்தான் வரவில்லை. பிறகு ஓரகத்தி பதிந்து வைத்திருந்ததை ஓடவிட்டாள். மூன்றாவது கார்டில் நடுச்சுரம் இல்லை. ஓட்டம் அந்த இடத்தை வெறுமையாகக் கடந்தபோது அந்த உயிர் வந்துவிட்டது. அது மெஷின் செய்ததல்ல. பெட்டியின் மேலிருந்த பொறாமை அப்படியே ஆளின் மேல் திரும்பியது.

விழாவில் ஓரகத்தி வாசித்து முடித்துக் கையை எடுத்தாள். பெட்டி நிற்கவில்லை, சுரங்கள் ஏறிக்கொண்டேயிருந்தன. அவள் திருதிருவென்று விழித்து டீச்சரைத் தேடினாள். கையை எடுத்தாலும் ஒலியை நிறுத்தவிடாத 'ஹோல்டு' பொத்தான் அழுந்திக் கிடக்கிறது என்பது டீச்சருக்குப் புரிந்துவிட்டது. தவிக்கட்டுமே என்று உட்கார்ந்திருந்தாள். இனிக்கத்தான் செய்தது. அவள் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவதைப் பார்த்த பிறகுதான் எழுந்து போய் அதை விடுவித்தாள். கைதட்டல் ஓரகத்திக்கு.

"நீயும் அந்தப் பொட்டியைத் தட்டக் கத்துக்கிட்டியா?" என்றார் மாமியார் டீச்சரிடம், பெருமையாக.

வீடு திரும்பியதும் டீச்சரால் அடக்க முடியவில்லை. "அந்த மூணாவது கார்டுல நடுச்சுரத்தை ஏன் எடுத்தே?"

"எடுத்தேனா? எனக்கே தெரியலக்கா. கேக்க நல்லாயிருந்துச்சு, விட்டுட்டேன்."

எங்காவது படித்தேன் என்று அவள் சொல்லியிருந்தால் டீச்சருக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.