கசிமிரோவின் ஐந்து அடி

கசிமிரோவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் பாடகர் இல்லை, பாட்டுக் கட்டுகிறவரும் இல்லை. ஹவானாவில் எங்கள் காயோ உவேசோ பகுதியில் காலையில் ஐஸ் கிடங்கில் பாளம் சுமப்பார். சாயங்காலம் எங்கள் பாட்டுக் குழுவில் கிளாவே தட்டுவார். ஒரு சாண் நீளத்தில் இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். மூன்று அடி, பிறகு இரண்டு அடி. பாட்டு முடியும்வரை அதே ஐந்து அடி. இந்த ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

நாங்கள் ஏழு பேரும் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். பாட்டு இரண்டு அடிக்கு வந்திருக்கும்போது கட்டை மூன்று அடித்தால், குறுக்கே போய்விட்டான் என்போம். எங்கள் தெருவில் ஒருவனைக் குடிகாரன் என்றால் சிரித்துக்கொள்வான். குறுக்கே போனவன் என்றால் சட்டையைப் பிடிப்பான். இருபத்தாறு வருஷத்தில் கசிமிரோ ஒரு தடவைகூடக் குறுக்கே போனதில்லை. அந்த ஆளிடம் இருந்த சொத்தே அது ஒன்றுதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஹோட்டல் பரிமாறுகிறவன் ஒருவன் காப்பித்தோட்ட முதலாளியாக நடித்து ஊரை ஏமாற்றுகிற பாட்டும் கூத்துமான படம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் கை முழுக்கக் கொசுவம் வைத்த சட்டை! எதற்கென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"ஜன்னல் திரையைக் கிழிச்சுத் தைச்சிருக்கானுங்கடா" என்றார் கசிமிரோ.

பாட்டை முதல் நாளே பதிவுசெய்துவிட்டார்கள். மறுநாள் அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நாங்கள் அதற்கேற்பக் கையை ஆட்டினோம். விளக்குச் சூட்டில் பதினோரு மணி நேரம். நாயகன் தட்டோடு வழுக்கி விழுவதை மட்டும் பத்தொன்பது தடவை எடுத்தார்கள். பத்தாவது தடவைக்குப் பிறகு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

படம் வந்த வெள்ளிக்கிழமை தெருவே தியேட்டரில் இருந்தது. கசிமிரோவின் மனைவி ஹசிந்தா வழியெல்லாம் ஆள் ஆளாக நிறுத்தி, "எங்க வீட்டுக்காரரு முகம் திரை முழுக்க வருதாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வரத்தான் வந்தது. நாயகன் விழுகிற காட்சி நீண்டுவிட்டது என்று எவனோ நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறான். பாட்டு ஓரிடம், எங்கள் கை வேறிடம். கிலுகிலுப்பை குலுக்கி இரண்டாம் குரல் பாடுகிற என்னை எவன் பார்க்கிறான்? அந்த நேரத்தில் திரையில் கசிமிரோவின் முகமும் கட்டையும்தான். ஐந்து வினாடி, அப்பட்டமாகக் குறுக்கே.

"குறுக்கே! குறுக்கே போறாரு பாரு!" என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். அப்புறம் தியேட்டரே காலைத் தரையில் உதைத்துச் சிரித்தது. கசிமிரோ எழுந்து போகவில்லை. படம் முடியும்வரை மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு தெருவில் நடக்க முடியவில்லை. முடிவெட்டும் எவேலியோ சோப்பைக் குழைத்துக்கொண்டே, "பெரியவரே, தாடிய நேரா மழிக்கவா, குறுக்கேயா?" என்றான். ஐஸ் கிடங்கிலும் அதே பேச்சு. அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு படக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருந்தவன் காதில் பென்சிலோடு, "அஞ்சு செகண்ட், அய்யா. படம் நியூயார்க்குக்கும் போகுது, அங்க ஒருத்தன் கவனிப்பானா?" என்றான்.

"மாட்டான் தம்பி. நான் நியூயார்க்குல குடியிருக்கலயே."

"படம் அடுத்த வாரம் எடுத்துடுவாங்க. எல்லாரும் மறந்துடுவாங்க, போங்க."

திரும்பி வருகிற வழியில் கசிமிரோ இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். முதுகில் பாளம் இருக்கும்போதுகூட நிற்காத ஆள்.

அந்த ஞாயிறு மதியம் பீர்க் கம்பெனித் தோட்டத்தில் நடனம். குழுத் தலைவர் லியாண்ட்ரோ மேடை ஏறும் முன்பே, "கசிமிரோ, வெட்டி ஒட்டுனவன் தப்புன்னு நம்ம ஏழு பேருக்கும் தெரியும். வழக்கம்போல வாசிங்க" என்றார். வாசித்தார். கூட்டத்தில் பாதிப் பேர் ஜோடியை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்தார்கள், எப்போது தப்புவார் என்று. அவர் தப்பவில்லை. ஒன்பது பாட்டு, ஓர் அடிகூடப் பிசகவில்லை. வாயடைத்துப் போனார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இடைவேளையில் அவர் கட்டைகளைத் துணியில் துடைத்து லியாண்ட்ரோவிடம் நீட்டினார்.

"என்ன இது? இன்னிக்கு நல்லாத்தானே போச்சு!"

"நல்லாத்தான் போச்சு. முழு நேரமும் என் கையையே பாத்துட்டு இருந்தேன், லியாண்ட்ரோ. இத்தனை வருஷத்துல நான் அதைப் பாத்ததே இல்ல. இப்ப என்னென்ன பாட்டு வாசிச்சோம்னு கேளுங்க, சொல்லத் தெரியல. பாட்டு காதுலயே விழல."

லியாண்ட்ரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். கசிமிரோ அதற்குள், "சோர்வா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் ஹசிந்தாவின் மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

கட்டை என் கைக்கு வந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டாவது பாட்டில், குரல் மாறுகிற இடத்தில், நான் குறுக்கே போனேன். சினிமாவில் அல்ல, நிஜமாகவே. எட்டு அடி தாண்டித்தான் சுதாரித்தேன். மேடையில் ஐந்து தலைகள் என் பக்கம் திரும்பின. கீழே எல்லோரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள்; தியேட்டரில் தரையை உதைத்துச் சிரித்தவர்களும்தான். ஒருத்தரும் கத்தவில்லை.

கசிமிரோ மட்டும் மேசையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் பீரைக் குடித்தார்.